அடுத்த ஊசி என்றைக்கு?



நவம்பர் 2-ஆம் நாள் நெருங்கும்போது பங்குகள்தோறும் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்வது வழக்கம். சென்ற ஆண்டும் நம் பங்கு இளைஞர்கள் மண்வெட்டியும் அரிவாளுமாக அதிகாலையிலேயே வந்து சேர்ந்தனர். முட்செடிகளும் கோரைப் புல்லும் வெட்டுண்டன. கல்லறைகளின் இடுக்குகளில் இளஞ்சிவப்பும் வெண்மையுமாகப் பூத்து நின்ற ஒரு செடியின்மீது அரிவாள் சென்றபோது மட்டும் நாம் தடுத்தோம். "சாமி, இது சுடுகாட்டு மல்லிதானே? இதை எதுக்கு விட்டுவைக்கணும்?" என்று ஒரு தம்பி கேட்டான்.

கேள்வியில் தவறில்லை. நித்தியகல்யாணி என்னும் அழகிய பெயர் அச்செடிக்கு இருந்தும், அதை வீட்டு முற்றத்தில் வளர்க்கப் பலர் விரும்புவதில்லை. ஆடு மாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. நீர் ஊற்றுவார் இல்லாவிடினும் அது எளிதில் வாடுவதில்லை. ஆண்டு முழுவதும் பூக்கும். ஆகவே கவனிப்பாரற்ற கல்லறைகள் அதற்கு இருப்பிடமாயின. நம் பங்கிலேயே ஒரு சிறுமி இச்செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்தினால் பிழைத்து வருகிறாள் என்று அத்தம்பியிடம் சுருக்கமாகக் கூறினோம். அவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டான். முழு விடையை இங்கே எழுத முற்படுகிறோம். நமது பிழையொன்றும் அதில் அடங்கியிருப்பதால், இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதத் தயங்கினோம்.

நன்றித் திருப்பலி

2001-ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்று ஐந்தாண்டுகள் நிறையாத நிலையில், கடற்கரைப் பங்கு ஒன்றின் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அப்பங்கில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பூசையுதவி செய்யக் கற்றுக்கொண்டிருந்தான். மணி அடிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே மணியடித்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். ஒரு நாள் அவன் வரவில்லை. காய்ச்சல் விடவில்லை என்றார்கள். பின்னர் உடம்பில் ஆங்காங்கே நீலத் தடிப்புகள் கண்டன. பல் ஈறுகளில் இரத்தம் கசிந்தது. நகரத்து மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோய் என்று கூறிவிட்டார்கள்.

தந்தை, வள்ளத்தில் பங்குக்குத் தொழில் செய்பவர். தாயின் கழுத்திலிருந்த சங்கிலி விலைபோயிற்று. சிறுவனுக்கு வாரம் ஒரு முறை நரம்பில் ஊசியும் நாள்தோறும் மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. ஊரார் மாலைதோறும் மாதா கெபியின் முன் கூடிச் செபமாலை சொன்னார்கள். ஐந்து வாரங்கள் சென்றபின் எலும்பு மஜ்ஜையைச் சோதித்த மருத்துவர்கள், நோயணுக்கள் கண்ணுக்குத் தென்படவில்லை என்றனர். குடும்பம் ஊர் திரும்பியது.

ஊரே மகிழ்ந்தது. நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. முடியெல்லாம் உதிர்ந்த தலையுடன் அச்சிறுவன் பீடத்தின் படியருகே எரியும் மெழுகுதிரியை ஏந்தி நின்றான். பெண்கள் விம்மி அழுதார்கள். நாம் மறையுரையில் அதைப் 'புதுமை' என்றோம். அச்சொல்லை ஒரு முறையன்று, பன்முறை கூறினோம்.

பூசை முடிந்ததும் தந்தை நம்மிடம் வந்தார். "இன்னும் ரெண்டரை வருஷம் வரணும்னு டாக்டர் சொல்றாங்க சாமி. இரத்தம் சுத்தமாயிடுச்சுன்னும் அவுங்களேதான் சொல்றாங்க. இனியும் போகணுமா?" என்று கேட்டார்.

போக வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் போயே ஆகவேண்டும் என்றும் கூறவில்லை. தொடங்கியவர் ஆண்டவர், அவரே நிறைவு செய்வார், உங்கள் வசதிபோல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றோம். அவருடைய வசதி எத்தகையது என்பதை அறிந்தே அவ்வாறு கூறினோம். ஒரு பயணத்துக்கு இரண்டு நாள் தொழில் போகும். பேருந்துக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டும். அதற்குமேல் அவர்கள் போகவில்லை.

ஏழு மாதங்கள் அச்சிறுவன் ஓடி விளையாடினான். முடி சுருள் சுருளாக வளர்ந்தது. பின்னர் காய்ச்சல் வந்தது. இம்முறை அதே மருந்துகளுக்கு நோய் பணியவில்லை. 2002-ஆம் ஆண்டின் தவக்காலத்தில், எந்தப் படியருகே அவனை நிறுத்தி நன்றி கூறினோமோ அதே படியருகே அவன் பெட்டியை வைத்து மந்திரித்தோம்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் நாம் அம்மருத்துவமனைக்குச் சென்று, அவனைக் கவனித்த மருத்துவரைக் கண்டோம். அவர் நடுத்தர வயதுப் பெண்மணி. நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "இரத்தம் சுத்தமான பிறகுதான் பாதி வேலையே தொடங்குது ஃபாதர். அதை அவுங்களுக்குச் சொல்ல ஊர்ல ஒருத்தரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இருந்தோம், ஆனால் நமக்கே அது தெரியாது. அன்று அவர் ஒரு தாளில் வரைந்து காட்டியதையும், அதன்பின் நாம் தேடிப் படித்து அறிந்ததையும் கீழே தருகிறோம்.

கயிறு திரிக்கவிடாத மருந்து

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிந்தே புதிய உயிரணு உண்டாகிறது. பிரிவதற்குமுன், தன்னுள் இருக்கும் 46 குரோமோசோம்களையும் அது இரட்டிப்பாக்கிக்கொள்ளும். பரம்பரைக் குறிப்புகள் அனைத்தும் அவற்றில்தாம் உள்ளன. பின்னர் இரட்டித்த குரோமோசோம்களை நடுவே வரிசையாக நிறுத்தி, ஒவ்வோர் இணையிலும் ஒன்றை இப்பக்கமும் மற்றதை அப்பக்கமும் இழுத்துச் செல்ல வேண்டும். இழுப்பதற்குக் கயிறு வேண்டுமல்லவா?

கரைவலை இழுப்பதைக் கடற்கரை வாசகர்கள் அறிவர். வலையின் இரு முனைக் கயிறுகளையும் இரு கூட்டத்தார் தனித்தனியே நின்று இழுப்பார்கள். உயிரணுவிலும் இரு முனைகளிலிருந்து கயிறுகள் புறப்படுகின்றன. கரைவலையில் இரு கூட்டத்தாரும் ஒரே கரைக்கு இழுப்பார்கள். உயிரணுவிலோ எதிரெதிர்த் திசையில் இழுப்பு நடைபெறுகிறது. இக்கயிறுகளுக்கு நுண்குழல்கள் என்று பெயர். டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தென்னை நார் கயிறாவதுபோல், இக்குழல்களாகின்றன. வேலை முடிந்ததும் மீண்டும் துணுக்குகளாக உதிர்ந்துவிடுகின்றன.

நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய இரு மருந்துகளும் அந்த டியூபுலினைப் பற்றிக்கொள்கின்றன. நாரைத் திரிக்கவிடாமல் கையைப் பிடித்துக்கொள்வது போன்றது அது. கயிறு உருவாகாது. குரோமோசோம்கள் பிரிவதற்கு ஆயத்தமாகி நடுவிலேயே நின்றுவிடும். முன்னேறவும் முடியாமல், பின்வாங்கவும் முடியாமல், சில மணி நேரம் காத்திருந்து அந்த உயிரணு மடிந்துபோகும்.

இதே கயிற்றை வேறு விதமாகத் தாக்கும் மருந்தும் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962-இல் ஆய்வுக்காகச் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்து டாக்ஸால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை மன்றோ வால், மன்சுக் வானி என்னும் அறிவியலார் 1971-இல் வெளியிட்டார்கள். அது கயிறு திரிப்பதைத் தடுப்பதில்லை. திரித்த கயிற்றை மீண்டும் இளகவிடாமல் இறுக்கிவிடுகிறது என்று 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் அம்மையார் காட்டினார். இளகாத கயிற்றைக் கொண்டு இழுக்கவும் இயலாது. விளைவு ஒன்றே: உயிரணு பிரிய முடியாமல் மடிகிறது. சூலகப் புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் இம்மருந்து இன்று பரவலாகப் பயன்படுகிறது.

ஜமைக்காவிலிருந்து வந்த இலைகள்

நித்தியகல்யாணியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. வெப்ப நாடுகள் பலவற்றிலும் அது பரவி, ஆங்காங்கே நாட்டு மருந்தாகவும் வழங்கிற்று. நீரிழிவுக்கு அதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் ஜமைக்காவில் இருந்தது. 1952-இல் அத்தீவிலிருந்து கனடாவிலுள்ள கிளார்க் நோபிள் என்னும் மருத்துவருக்கு அவ்விலைகள் 25 அடங்கிய சிறு பொட்டலம் அஞ்சலில் வந்தது. அவர் அதைத் தம் சகோதரர் இராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். இராபர்ட், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்தவர்.

எலிகளுக்கு அச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசிமூலம் செலுத்தியபோதோ எலிகள் தொற்றுநோய் கண்டு இறந்தன. ஏன் இறந்தன என்று ஆராய்ந்தார் நோபிள். இரத்தத்தின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. நீரிழிவுக்குப் பயன்படாதது என்று அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருளானால், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகும் நோய்க்கு அது மருந்தாகலாம் அல்லவா? 1954-இல் சார்லஸ் பீர் என்னும் வேதியியலார் அவருடன் சேர்ந்தார். 1958-இல் வின்பிளாஸ்டினைப் பற்றிய அவர்களது அறிக்கை வெளிவந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்திலும் இச்செடியை ஆராய்ந்தார்கள். அங்கே வின்கிரிஸ்டின் கண்டெடுக்கப்பட்டது. 1963-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பர். வின்கிரிஸ்டின் அதனினும் அரிது. நம் தென் மாவட்டங்களின் வறண்ட நிலங்களிலும் இச்செடி பயிராகி, இலையும் வேரும் ஏற்றுமதியாகின்றன. நோயாளிக்குச் செலுத்தும் வின்கிரிஸ்டினோ ஒரு வேளைக்குப் பொதுவாக இரண்டு மில்லிகிராமைத் தாண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எவரும் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று இலை பறித்துக் கஷாயம் வைத்துவிடலாகாது. அச்செடி நஞ்சு. நம் மாநில மலராகிய செங்காந்தளிலும் கோல்சிசின் என்னும் பொருள் உண்டு. அதுவும் உயிரணுவின் கயிற்றைத் தடுப்பதே. அளவறிந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. அதன் கிழங்கை உண்டு உயிரிழந்தோர் பலர். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே நிற்பது அளவு. அதை அறிந்தவர் கையில் அது இருக்க வேண்டும்.

மறைந்தது வேறு, ஒழிந்தது வேறு

இனி, நமது பிழையின் வேருக்கு வருவோம்.

உயிரணு பிரியும் நேரத்தில்தான் இம்மருந்து அதைக் கொல்கிறது. ஆனால் நோயணுக்கள் யாவும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. சில பிரிந்துகொண்டிருக்கும், சில பிரிய ஆயத்தமாகும், சில உறங்கிக் கிடக்கும். இன்று ஊசி போட்டால், பிரியும் தறுவாயில் உள்ளவை மடியும், உறங்குபவை தப்பிவிடும். அவை விழிக்கும்போது மருந்து மீண்டும் அங்கே இருக்க வேண்டும். ஆகவேதான் ஒரே ஊசியில் முடியாமல், இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் போடுகிறார்கள். இடைவெளி எதற்கெனில், நல்ல உயிரணுக்கள் தேறுவதற்கு.

கணக்கையும் பாருங்கள். இவ்வகை இரத்தப் புற்று கண்டுபிடிக்கப்படும் வேளையில் உடலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மடிந்தாலும் நூறு கோடி எஞ்சும். நுண்ணோக்கியில் பார்ப்பவர் கண்ணுக்கு அவை தென்படமாட்டா. பிள்ளையின் முகம் தெளியும், பசி எடுக்கும், ஓடியாடும். நூறு கோடி நோயணுக்களோ உள்ளே இருக்கும். மருந்தின் ஒவ்வொரு வேளையும் இத்தனை எண்ணிக்கை என்று கொல்வதில்லை, இருப்பதில் இத்தனை பங்கு என்றே கொல்கிறது என்பதை அமெரிக்காவில் ஹோவர்ட் ஸ்கிப்பரும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளில் ஆராய்ந்து 1964-இல் வெளியிட்டார்கள். ஆகவே, கண்ணுக்குத் தெரியாமற்போன பின்னும் நெடுங்காலம் மருந்து தொடர வேண்டியிருக்கிறது.

இந்த உண்மையை உலகம் எளிதில் கற்கவில்லை. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், அமினாப்டெரின் என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, அதன் விளைவை 1948-இல் வெளியிட்டார். 10 பேருக்கு நோய் தணிந்தது. பெற்றோர் அடைந்த மகிழ்ச்சியை நம்மால் எண்ணிப் பார்க்க முடியும். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. தணிவது ஒன்று, குணமாவது மற்றொன்று என்று மருத்துவ உலகம் கண்ணீரோடு கற்றது.

அடுத்த அத்தியாயம் நம் வாசகர்களுக்கு நெருக்கமானது. லெபனான் நாட்டு வழிவந்த பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த கத்தோலிக்கர் டேனி தாமஸ். நகைச்சுவை நடிகரான அவர், பிழைக்க வழி தெரியாமல் தவித்த நாட்களில் புனித யூதா ததேயுவிடம் வேண்டிக்கொண்டார். வழி காட்டினால் அவருக்கு ஓர் ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். புகழும் பொருளும் வந்தபின் அவர் எழுப்பியது கோவிலன்று. மெம்பிஸ் நகரில் குழந்தைகளுக்கான மருத்துவமனை. அது 1962-இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் இவ்வகை இரத்தப் புற்று கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேரே தப்பினர். அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல், குணமாக்குவதே நோக்கம் என்று துணிந்தார். வின்கிரிஸ்டின் உள்ளிட்ட பல மருந்துகளைச் சேர்த்தும், மூளைப் பகுதியில் ஒளிந்துகொள்ளும் நோயணுக்களுக்குத் தனிச் சிகிச்சை அளித்தும், நோய் மறைந்தபின் இரண்டு மூன்று ஆண்டுகள் விடாது தொடர்ந்தார். 1960-களின் இறுதிக்குள் பாதிக் குழந்தைகள் பிழைக்கும் நிலை உண்டாயிற்று. இன்று வசதி மிகுந்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த எண்ணிக்கை குறைவு. பாதியில் நிறுத்திவிடுவது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

நேர்ச்சையும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அம்மருத்துவமனையே சாட்சி. பகையென்று நாமும் ஒருநாளும் எண்ணியதில்லை. நமது பிழை வேறு. அவசரப்பட்டுப் பெயர் சூட்டினோம்.

குருமடத்தில் நாம் கற்றதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் 14-ஆம் பெனடிக்ட் என்னும் திருத்தந்தையான லாம்பர்த்தினி, 1734 முதல் 1738 வரை வெளிவந்த தம் நூலில், ஒரு குணத்தைப் புதுமையென்று ஏற்பதற்கு நிபந்தனைகளை வகுத்தார். நோய் கடியதாயிருக்க வேண்டும். குணம் உடனடியானதாய், முழுமையானதாய் இருக்க வேண்டும். மருந்தினால் விளைந்ததாய் இருத்தலாகாது. நோய் திரும்பி வரலாகாது. தேர்வில் இவற்றை வரிசை தவறாமல் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினோம். ஐந்து வாரம் ஊசி போட்டுக்கொண்ட குழந்தையைப் பீடத்தருகே நிறுத்தியபோது, இவற்றுள் ஒன்றுகூட நம் நினைவுக்கு வரவில்லை. திருச்சபை பல்லாண்டுகள் காத்திருந்து சொல்லும் சொல்லை நாம் ஐந்து வாரத்தில் சொல்லிவிட்டோம். அச்சொல்லைக் கேட்ட எளியவர், இனி ஊசி எதற்கு என்று எண்ணியது அவர் குற்றமன்று.

வீட்டார் அறிய வேண்டியவை

பிரியும் உயிரணுக்களைத் தாக்கும் மருந்து, நல்லது கெட்டது என்று பிரித்தறியாது. மயிர்க்கால், வாய், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் நல்ல உயிரணுக்களும் விரைந்து பிரிபவை. ஆகவேதான் இச்சிகிச்சையில் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். நரம்புகளுள்ளும் அதே நுண்குழல்கள் பாதைகளாக அமைந்திருப்பதால், வின்கிரிஸ்டின் கை கால்களில் மதமதப்பையும் மலச்சிக்கலையும் உண்டாக்கும். இவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். அவர் அளவை மாற்றுவார்; நாமாக நிறுத்தலாகாது.

வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்கக் கூட்டமாகச் செல்வதும், சளி இருமலோடு அருகில் அமர்வதும் அன்பாகாது. அந்நாட்களில் வாசலில் நின்று நலம் விசாரித்துத் திரும்புவதே உதவி.

இன்று சில வசதிகள் உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கும். நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இரயில் கட்டணச் சலுகை கிடைக்கும். ஆயினும் தொழிலுக்குப் போகாத நாளின் கூலியை எந்தத் திட்டமும் தருவதில்லை. இரண்டரை ஆண்டுகள் நீளும் சிகிச்சையைக் குடும்பங்கள் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பாட்டி கொண்டுவந்த காணிக்கை

தொடக்கத்தில் கூறிய சிறுமிக்கு எட்டு வயது. குடும்பத்தாரின் இசைவோடு இதை எழுதுகிறோம். சென்ற ஆண்டு அவளுக்கும் அதே நோய் கண்டது. ஐந்தாறு வாரச் சிகிச்சைக்குப்பின் நோயணுக்கள் தென்படவில்லை என்று கூறப்பட்டதும், அவளுடைய பாட்டி பங்கு அலுவலகத்துக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். "பேத்திக்குச் சுகம் கிடைச்சிட்டு சாமி. நன்றிப் பூசை வைக்கணும். இனிமே அந்த ஊசி வேண்டாம்னு நெனைக்கோம். பிள்ளை துடிக்கிறதைப் பார்க்க முடியலை" என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட கேள்வியே வேறு வாயினின்று வந்தது போலிருந்தது. நாம் பணத்தைத் தொடவில்லை. பாட்டியை அமரச் செய்து, ஒரு தாளை எடுத்து, கரைவலைக் கயிற்றை வரைந்து காட்டினோம். நூறு கோடிக் கணக்கையும் கூறினோம். பாட்டிக்குக் கணக்கு விளங்கியதா என்பது தெரியாது. ஆகவே கடற்கரைச் சிறுவனின் கதையை முழுவதும் கூறினோம். நாம் கூறிய சொல்லையும் கூறினோம். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்போ பூசை வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். வைப்போம் என்றோம். கருத்துப் புத்தகத்தில் 'நன்றியாக' என்று எழுதாமல், 'சிகிச்சை இறுதிவரை நிறைவேற' என்று எழுதினோம். அத்திருப்பலியில் நோயில் பூசுதலும் அவளுக்கு வழங்கினோம். சாகும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டுமே உரியதன்று அந்த அருட்சாதனம் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியிருந்தும், எண்ணெய்ச் சிமிழைக் கண்டதும் பாட்டி நடுங்கினார். விளக்கிக் கூற வேண்டியிருந்தது.

அன்றுமுதல் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் அக்குடும்பத்தின் பயணச் செலவை ஏற்றிருக்கிறார்கள். தாய் மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டார் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் ஓராண்டுக்கு மேல் சிகிச்சை இருக்கிறது. அவள் குணமடைந்துவிட்டாள் என்று நாம் எழுதவில்லை. முடிவு ஆண்டவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு தவணையையும் தவறாமல் நிறைவேற்றுவது நம் கையில் இருக்கிறது.

இக்கட்டுரையை எழுதுமுன் அக்கடற்கரை ஊருக்குச் சென்று, சிறுவனின் தந்தையைக் கண்டு இசைவு கேட்டோம். அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. கரையில் வலை பொத்துகிறார். நாம் வந்த காரணத்தைக் கூறி, நமது பிழைக்கு மன்னிப்பும் கேட்டோம். அவர் கையிலிருந்த நூலை அறுத்து முடிச்சுப் போட்ட பிறகே நிமிர்ந்தார்.

"எழுதுங்க சாமி. எங்க மேல பழி போட்டும் எழுதாதீங்க, உங்க மேலயே போட்டுக்கிட்டும் எழுதாதீங்க. படிக்கிறவன் பழியைத்தான் பாப்பான். பாதியில நிறுத்தக் கூடாதுன்னு எழுதுங்க, அது போதும்" என்றார்.

அவர் விரும்பியபடி முழுவதும் எழுத இயலவில்லை. நமது பங்கைக் கூறாமல் இக்கதையைக் கூற முடியாது. ஆனால் அவர் கேட்டதை இங்கே எழுதிவிட்டோம்.

அன்பர்களே, உங்கள் தெருவிலோ அன்பியத்திலோ இந்நோய் கண்ட வீடு இருக்கக்கூடும். அவ்வீட்டாரைக் கோவில் வாசலில் காணும்போது, "குணமாயிடுச்சா?" என்று கேட்காதீர்கள். அவர்களால் விடைகூற முடியாத கேள்வி அது; ஆமென்று கூறிவிட்டால், சிகிச்சையை நிறுத்தவும் துணிந்துவிடுவார்கள். "அடுத்த ஊசி என்றைக்கு?" என்று கேளுங்கள். நாளைக் கூறுவார்கள். அந்நாளில் அவர்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமா, பேருந்துக்குப் பணம் வேண்டுமா, வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.